மசக்கை வாந்திக்கு வந்த மருந்துப் பெட்டி

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிய அன்று காலை, வார்டில் வள்ளியம்மா என்னை உற்றுப் பார்த்து, "இன்னா சிஸ்டர், ரெண்டு பேரா நிக்கிறீங்க?" என்றாள். நான் ஒருத்திதான் நின்றேன்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ். கர்ப்பத்தில் வரும் கடுமையான வாந்தியைப் பற்றி டாக்டர் மங்கை ஆய்வு செய்துகொண்டிருந்தார். சாதாரண மசக்கை இல்லை. தண்ணீர்கூடத் தங்காமல், எடை இறங்கி, யூரினில் பட்டினியைக் காட்டும் கீட்டோன் ஏறி வருகிற பெண்களுக்கு உடம்பில் பி-ஒன் வைட்டமின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. பி-ஒன் ஊசி போடுவதற்கு முன்பே ரத்த சாம்பிள் எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் பயனில்லை.

வள்ளியம்மா கரியாலூர்க்காரி. வாரக்கணக்கில் மசக்கை வாந்தியோடு கிடந்தவளை முந்தின நாள்தான் அவள் கணவன் ராமன் மலையிலிருந்து கூட்டிவந்திருந்தான். வழியில் யாரோ குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழிகள் ஓரிடத்தில் நிற்காமல் துடித்தன. பிடித்து நிறுத்தினோம்; கால் பின்னிச் சரிந்தாள்.

"பி-ஒன் வறண்ட உடம்புல குளுக்கோஸ் ஏத்திட்டாங்க. மிச்சம் இருந்ததையும் அது தீர்த்துடுச்சு. மூளை பாதிக்குது. ஊசி உடனே வேணும்" என்றார்.

ஸ்டாக் தீர்ந்திருந்தது. மருந்துக் கடைகள் எல்லாம் அடைப்பு. மருந்தோடும் சாம்பிள் டியூபோடும் பாண்டிச்சேரியிலிருந்து வந்த எங்கள் ஜீப், தியாகதுருகத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாக டிரைவர் போன் செய்தார்.

ஆம்புலன்ஸில் கிளம்பினேன். பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. அதன்மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கிப் போனேன்.

"வண்டி ஒண்ணும் வுட மாட்டோம். எங்க புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும்தான் உக்காந்துகினு இருக்கறோம்" என்றார் ஒருவர்.

"வண்டி வேணாங்க. தியாகதுருகத்துல ஜீப் நிக்குது. அதுல இருக்கிற மருந்துப் பெட்டி மட்டும் வரணும்."

"இன்னா மருந்து?"

"மசக்கை வாந்திக்கு."

சிலர் சிரித்துவிட்டார்கள். "வாந்திக்கா இம்மாந்தூரம் வந்தே? எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான?"

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுதுங்க. நிக்க முடியல. கொஞ்ச நேரத்துல புத்தியும் தடுமாறும்."

கிளை ஓரமாக நின்றிருந்த லுங்கிக்காரர் ஒருவர் திரும்பினார். "புருஷன் யாருன்னே தெரியாம பேசுமா?"

"பேசும்."

"எந்தங்கச்சி மாசமா இருந்தப்ப அப்பிடித்தான் பேசிச்சு. பேயின்னு வேப்பிலை அடிச்சோம். பொழைக்கல." சைக்கிளை எடுத்துக்கொண்டு தியாகதுருகம் பக்கம் மிதித்தார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. அவர் கேரியரில் பெட்டியோடு திரும்பும்வரை நான் அந்த மரத்தடியிலேயே நின்றேன். பெட்டியைக் கைமாற்றி மரத்தைத் தாண்டிக் கொடுத்தார்கள்.

வார்டுக்குள் நுழையும்போது ராமன் அழுதுகொண்டிருந்தான். "என்னை யாருன்னு கேக்குறா சிஸ்டர்."

டியூபை எடுத்தேன். உடம்பு வற்றி நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் குத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

"இன்னொரு தடவை பாக்கட்டுமா டாக்டர்? சாம்பிள் இல்லாம போட்டா இந்தக் கேஸ் ஆய்வுல சேராது."

"சேராட்டி போவட்டும்" என்று மருந்து சிரிஞ்சை எடுத்து அவரே சதையில் போட்டார். அப்படிப்பட்ட ஒரு கேஸுக்காக அவர் எத்தனை மாதம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அன்று முழுக்க யாரும் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. மறுநாள் காலையில் கண் விழித்து, "யோவ், சாமை அறுப்புக்கு ஆளு சொன்னியா இல்லியா?" என்று ராமனை அதட்டினாள். வாந்தி உடனே நிற்கவில்லை. நடை சீராகவும் பல வாரம் ஆயிற்று. ஆனால் மலைக்குத் திரும்பினாள். பெண் குழந்தை பெற்றாள்.

அவள் கண் விழித்த அன்று காலையே லுங்கிக்காரர் சைக்கிளில் வந்தார். வார்டு வாசலில் நின்றபடியே வள்ளியம்மா கஞ்சி குடிப்பதைப் பார்த்தார்.

"அப்ப எந்தங்கச்சிக்கு வந்ததும் பேயில்லியா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார்: "நான் அவங்களைப் பாக்கலைங்க. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா, இதாத்தான் இருக்கும்."

லுங்கிக்காரர் தலையாட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆய்வு முடிந்தபோது அதில் வள்ளியம்மா இல்லை. புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் முதலில் சொல்வது அவளைப் பற்றித்தான். கர்ப்பிணி ஒருத்தி வாந்தி என்று வந்தால், சாப்பாடு தங்கி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். முதலில் பி-ஒன் போடுங்கள். குளுக்கோஸ் பாட்டிலை அதற்குப் பிறகு மாட்டுங்கள்.