துரை முகத்தில் பெரியப்பா

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பரிசுப்பொருள் கடை. கண்ணாடி அலமாரிக்குள் மஞ்சள் விளக்கு எரிய, காப்பிக் கோப்பைகள் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொன்றிலும் பழங்காலப் பத்திரிகைக் கேலிச்சித்திரம் ஒன்று: தொப்பைக்குக் கீழே வாள் தொங்கும் ராஜா, பூசணித் தலை நவாப், கிரீடம் கண்ணை மறைக்கும் மகாராணி. சரித்திரப் புத்தகத்தில் நம்மை முறைத்தவர்கள் எல்லாம் அங்கே அசடு வழிந்துகொண்டிருந்தார்கள். வெளியே பஸ்ஸும் ஸ்கூட்டரும் இரைந்த இரைச்சல் கண்ணாடிக்கு அப்பால் எங்கேயோ கேட்டது. சிநேகிதியின் பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்கலாமென்று பெரியம்மாவைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவள் ஒரு கோப்பையைக் கையில் எடுத்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"பாப்பா, இங்க வாயேன். உங்க பெரியப்பா கீறாரு பாரு."

கோப்பையில் இருந்தது எந்தச் சீமையையோ ஒரு காலத்தில் ஆண்ட வெள்ளைக்காரத் துரை. ஆட்டுக்குட்டி அளவு குதிரை, அதன்மேல் குட்டி உடம்பு, அதற்குமேல் அண்டா மாதிரி முகம். கத்தரிக்காய் மூக்கு. முறுக்கிய மீசை. ஒற்றைப் புருவம் மட்டும் மேலே ஏறியிருந்தது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. சத்தியமாகப் பெரியப்பாவேதான். இரும்புலியூரில் பெயின்ட், ஆணி, பைப் விற்கும் கடை வைத்திருந்தார். மூக்கு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார் என்று என் அப்பாவே அவரைக் கிண்டல் செய்வார். மாலையில் கேட்டைத் திறக்கும்போதே அடுப்படி ஜன்னலைப் பார்த்து அந்த ஒற்றைப் புருவத்தைத் தூக்குவார். உள்ளே பெரியம்மா களுக்கென்று சிரிப்பாள். பக்கத்து வீட்டில் வளர்ந்த எனக்கு, பொழுது சாய்வதென்றால் அந்தச் சிரிப்புதான்.

மூக்கைப் பற்றிய வெட்கத்தில் அவர் கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருந்ததே நாலைந்து படம். அவர் இறந்துபோன வருஷமே வந்த பெருமழையில் வீட்டுக்குள் ஆளுயரத் தண்ணீர். பீரோவிலிருந்த ஆல்பம் கூழாகிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது காகிதத்தில் சட்டை மட்டும் மிஞ்சியது, முகம் இல்லை. சேறு கழுவிய வீட்டில் உட்கார்ந்து பெரியம்மா மெதுவாகச் சொன்னாள்: "கண்ண மூடினா மூக்கு வருது, மீச வருது. சேந்து வர மாட்டேங்குது பாப்பா. மொகம் மறந்து போய்க்கினு கீது." அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். மழைக்குக்கூடப் பயப்படாதவள்.

அதனால்தான் அன்று அந்தக் கோப்பையை வாங்கி, பையில் போட விடாமல், மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தாள். அந்த வருஷத் திதிக்குப் படையல் போட்டபோது, வாழை இலைக்கு முன்னால் துரை உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு, கைப்பிடியில் ஒரு முழம் மல்லிகை, உள்ளே நுரை தளும்பக் காப்பி. வந்த சொந்தங்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியம்மா ஒருத்தியையும் சட்டை செய்யவில்லை. பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன், வெளிநாட்டு வேலையில் இருந்தவன். படையலின் படத்தைப் போனில் பார்த்துக் கொதித்துப் போனான். எவனோ வெள்ளைக்காரனை அப்பா என்று கும்பிட்டால் ஊர் சிரிக்காதா என்று என்னிடம்தான் கத்தினான். சிரித்தால் சிரிக்கட்டும், உனக்கென்ன வந்தது என்று நானும் விடவில்லை.

இந்த வருஷத் திதிக்கு அவன் நேரில் வந்தான். பேங்கில் லாக்கர் எடுக்கப் பெரியப்பா எப்போதோ கொடுத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தை அலைந்து தேடிப் பிடித்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இறுக்கிப் பொத்தான் போட்ட கழுத்து, அசையாத புருவம், எதிரே இருப்பவர் மூச்சுவிடக்கூடத் தயங்கும் பார்வை. துரையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படத்தை நடுவில் வைத்தான். நான் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

பெரியம்மா கோபப்படவில்லை. முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா கீதுடா. இது பேங்க்குக்குப் போன ஆளு," என்றாள். பிறகு கோப்பையைத் தொட்டாள். "வூட்டுக்கு வர்ற ஆளு இதுல கீறாரு."

அண்ணன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். சின்ன வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போனவன் அவன். விடுமுறைக்கு வந்தாலும் பெரியப்பாவிடம் மார்க் ஷீட்டை நீட்டிவிட்டுக் கைகட்டி நிற்பான். அவன் கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"எனக்கு அந்த பேங்க் ஆள மட்டும்தாம்மா தெரியும்," என்றான்.

பெரியம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். படையல் ஆறிக்கொண்டிருந்தது, காக்கைகள் மதிலில் கத்தின. அவள் எதையும் காதில் வாங்காமல், கல்யாணமான முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.