கப்பலேறிய காலுறை

தென்துருவத்தில் கோட்டுக்காரிக்குத் தெரியாமல் ஒரு பனிப்பாளம் விரிசல் விட்டதில்லை. முந்தின நாளே அவளிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் விடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். முந்தின நாள் சொல்லாது. விரிசல் விட்டு, மேகம் விலகி, செயற்கைக்கோள் அந்தப் பக்கம் போய்ப் படம் பிடித்து, படம் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்துவிட்டால் விடமாட்டாள். மவுஸைப் பிடித்து, விரிசலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இம்மி பிசகாமல் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டுத்தான் டீ குடிக்க எழுந்திருப்பாள். அதனால் வந்த பெயர்தான் கோட்டுக்காரி.

அலுவலகம் ஒரு வங்கிக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பனியைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் அங்கே தொழில். மேகத்தின் நிழல் எது, நிஜ விரிசல் எது என்று மனிதர்கள் கோடு போட்டுக் காட்டக் காட்ட, அது பழகிக்கொண்டு மற்ற படங்களில் தானே கோடு போடும். “நம்ம மெஷின் தப்பு பண்ணாக்கூட உங்கள மாதிரியேதாங்க பண்ணுது” என்று தலைவர் ஒருமுறை சொன்னார். அது பாராட்டா குட்டா என்று யாருக்கும் விளங்கவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவள் அன்று முழுக்க நிமிர்ந்து நடந்தாள்.

அந்தத் தலைவருக்கு உருவத்தை வைத்துப் பனிக்கரடி என்று பெயர் வைத்திருந்தார்கள். “தென்துருவத்துல கரடியே கிடையாதுய்யா, அது வடக்க. இந்த ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு இதுகூடத் தெரியாம பேரு வைக்கிறீங்களே” என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். பெயர் மட்டும் மாறவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் கோட்டுக்காரி தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அவள் கொழுந்தன் பெண்டாட்டி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், கட்டப்போகிற வீடுகளை, கண்ணில் ஹெட்செட் மாட்டி உள்ளே நடக்கிற மாதிரியே காட்டும் ஒரு கம்பெனியில் இருந்தாள். அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் எல்லோர் காதிலும் விழும்படி, “எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்க, வந்து பாரேன்” என்றாள் பெரியவளான கோட்டுக்காரி. சின்னவள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து “அக்கா, இது விரிசலா? அக்கா, இது நிழலா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கேட்கத்தான் செய்தாள், தொடக்கத்தில். பெரியவளும் முதல் பாடத்தைக் கறாராகச் சொல்லிக்கொடுத்தாள். “வெயில் எந்தப் பக்கத்துலருந்து அடிக்குதுன்னு மொதல்ல பாரு. அதுக்கப்புறம்தான் பள்ளமா மேடான்னு வாயத் திறக்கணும்.”

அதற்குள் பனிக்கரடிக்குச் சின்னவளின் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. படங்களையும், செயற்கைக்கோள் அளந்த உயரங்களையும் சேர்த்து, அவள் ஹெட்செட்டுக்குள் பனியை எழுப்பி நிற்கவைத்தாள். அவளுக்கென்று ஒரு அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். மேஜை கிடையாது, நாற்காலி கிடையாது. தரையில் புதுக் கம்பளம், ஓரத்தில் ரப்பர் பாய். காலில் ரப்பர் பட்டால் சுவர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஹெட்செட்டை மாட்டினால் பனிமலை முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கும். இரண்டு கையையும் விரித்தால் கூரை முட்ட வளரும். கதவில் ஒரு அறிவிப்பு: ‘உள்ளே ஆள் நடக்கிறார். தட்டிவிட்டு வரவும்.’

அந்த அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் கோட்டுக்காரிக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் மேஜையை எவன் தட்டிவிட்டு வந்தான்? வெளியிலிருந்து யார் வந்தாலும் நேரே அந்த அறைக்குத்தான் போனார்கள். வெளியே வரும்போது வாயைப் பிளந்துகொண்டு வந்தார்கள். ஹெட்செட் அழுத்தி, தலை கலைந்து, நெற்றியில் கோடு விழுந்து சின்னவள் வெளியே வந்தால் அதுகூட அழகாக இருந்தது. கோட்டுக்காரி மட்டும் கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கோடு இழுத்தாள்.

வீட்டுக்கு வந்தால் மாமியார். அந்த மாமியாரைப் போல நியாயமான, நாக்குச் சுத்தமான மனுஷியை நாலு தெருவில் பார்க்க முடியாது. அவள் ஒரு விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: “ஏம்மா பெரியவளே, சின்னவ பனிக்குள்ள நடந்துட்டு வராளாமே. நீ இன்னும் உக்காந்துதான் பாக்கிறியா?” இதற்குப் போய்க் குக்கர் மூடியை அப்படியா வைப்பார்கள்? ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அப்போதுதான் கப்பல் பேச்சு வந்தது. தென்துருவத்துக் கோடைக்குப் புறப்படும் ஆராய்ச்சிக் கப்பலில் படக் குழுவுக்கு ஒரே ஒரு இடம். படத்தில் பார்த்த பனியை நேரில் போய்ப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கோட்டுக்காரி காத்துக்கிடந்தது இதற்குத்தான். கம்பளிக் காலுறைகூட வாங்கி, சமையலறை மேல்தட்டில் பழைய மிக்சிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். ஒருநாள் புருஷன் கண்ணில் பட்டு, “இந்த வெயிலுக்கு இது யாருக்கு?” என்று கேட்டபோது, “சூடான பாத்திரம் இறக்க” என்று சொல்லித் தப்பித்தாள்.

பனிக்கரடி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். “கப்பல்லருந்து இறங்கிப் பனிமேல வண்டி போற வழிய சின்னவங்கதான் போட்டிருக்காங்க. வழி போட்டவங்க போறதுதான் நியாயம். நாளைக்குக் கூட்டத்துல வழிய ஒருதரம் பாத்துட்டு, பேரை அனுப்பிடலாம்.”

“ரொம்ப சந்தோஷம்” என்றாள் கோட்டுக்காரி, வாயில் கல் கடிபட்ட முகத்தோடு.

சொல்லிவிட்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தவள், அந்த வழியில் ஒரு ஓட்டையாவது கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று இருந்தாள். டீயும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். துருவப் படத்தில் ஒரு சங்கடம் உண்டு. துருவம் நடுவில் இருக்கும். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் மேலே வைத்துக்கொள்ளலாம். சின்னவளின் வரைபடத்தில் கடல் கீழே இருந்தது, கோட்டுக்காரியின் படத்தில் மேலே. இரண்டையும் ஒப்பிட வசதியாகத் தன் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். திருப்பியதும் கிடைத்தது! வண்டி போகிற வழிக்குக் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஓரத்தில் கருநிழல் விழுந்த நீளமான பள்ளம். அத்தனை அழகான விரிசலை அவள் பார்த்ததே இல்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் திருத்திவிடுவாளே!

மறுநாள் கூட்டத்தில் படத்தைச் சுவரில் விழவைத்து, பேனாவால் சுட்டிக்காட்டினாள். “வண்டி இதுல விழுந்தா யார் பதில் சொல்றது? பாவம், புதுசு. தெரியாம போட்டிருக்கும்.”

சின்னவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “அக்கா, படத்தைத் திருப்பிட்டீங்களா?”

“திருப்பினா என்ன? திருப்பினா பள்ளம் ரொம்பிடுமா?”

பனிக்கரடிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“அது பள்ளம் இல்லக்கா, மேடு. பனி நெருக்கித் தள்ளி எழும்பியிருக்கு. வண்டி ஏறி இறங்குற அளவுதான். வெளிச்சம் மேலேருந்து வரும்னே நம்ம கண்ணு நெனச்சுக்கும். படத்தைத் திருப்பினதும் வெயில் கீழேருந்து வர மாதிரி ஆயிடுச்சு. அதான் மேடு பள்ளமாத் தெரியுது.” கொஞ்சம் தயங்கி, “நீங்கதானக்கா சொல்லிக்கொடுத்தீங்க, மொதல்ல வெயிலப் பாருன்னு” என்றாள்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே மரியாதையோடுதான் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் கோட்டுக்காரி பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

“வாங்க, போய்ப் பாத்துட்டே வந்துடலாம்” என்று பனிக்கரடி எல்லோரையும் அந்த அறைக்கு அழைத்துப் போனார். முதல்முறையாகக் கோட்டுக்காரியின் தலையில் ஹெட்செட் ஏறியது. தன் பள்ளத்தின் ஓரத்துக்கு நடந்துபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்காக ஒரு காலைக் கீழே துழாவினாள். எதிரே இடுப்பளவுக்கு வெள்ளைத் திண்டாக எழும்பி நின்றது மேடு. ஒற்றைக்காலில் நின்ற அவளைப் பார்த்து யாரோ களுக்கென்று சிரித்தது காதில் விழுந்தது.

இருந்தும் அவள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. மேட்டுக்கு இரண்டு பக்கமும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, சிவப்பு நாடாக்கள் பனியோடு பனியாக ஓடின. ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். இது தலைவலியோடு இழுத்தது, அது புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்து இழுத்தது.

“எல்லாம் உங்க கோடுக்கா” என்றது சின்னவளின் குரல் பக்கத்திலிருந்து. “அதுக்கு நடுவுலதான் நான் வழி போட்டேன்.”

கோட்டுக்காரிக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. இடத்தையும் எடுத்துக்கொண்டு, அறையையும் எடுத்துக்கொண்டு, நல்லவள் என்கிற பெயரையுமா எடுத்துக்கொள்வாள் ஒருத்தி?

சின்னவள் பெயரைத்தான் அனுப்பினார்கள். புறப்படுகிற வாரத்தில், “அக்கா, கம்பளிக் காலுறை எங்க கெடைக்கும்?” என்று வந்து நின்றாள். பெரியவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, மிக்சிக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு தினமும் படத்தில் கப்பலைத் தேடினாள். எள்ளு மாதிரி ஒரு புள்ளி. கண்டுபிடித்ததும் அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். ‘சாப்பிட்டது எதுவும் வயித்துல நிக்கலக்கா, கப்பல் ஆட்டுது’ என்று சின்னவளிடமிருந்து செய்தி வந்தபோது, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு தடவை உரக்கப் படித்து, இரண்டு தடவையும் உச்சுக்கொட்டினாள். அப்புறம் ஒரு புகைப்படம் வந்தது. இடுப்பளவு பனிமேட்டில் முழங்கையை ஊன்றி நிற்கிறாள் சின்னவள். பூட்ஸுக்கு மேலே எட்டிப்பார்க்கிறது அந்தக் காலுறை. அதைப் பார்த்த நொடியில் கோட்டுக்காரியின் பொறாமையெல்லாம் பனிபோல் உருகி ஓடிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த இடம்வரை நான் வாசித்துக் காட்டியதும், பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பெரியவள் கையை நிறுத்தினாள்.

“எங்க உருகுச்சு? யார் பாத்தா? என் காலுறை போயிட்டு வந்துடுச்சு, நான் போகல. கண்ணைத் துடைச்சது தைலம் பட்டு. மாமியாரை மட்டும் நல்லா நாக்குச் சுத்தமா எழுதிக்கிட்டீங்க, அத்தை. அதுகூடப் போகட்டும். நான் கொடுத்தது ஒரு ஜோடிதான். இன்னொரு ஜோடி மிக்சிக்குப் பின்னாடி அப்படியே இருக்கு, அடுத்த கப்பலுக்கு. அதைச் சரியாப் போடுங்க.”