சிரிப்பக்காவின் இருமல்

பேருந்து நிலையத்துக்கு முன்னால் போகும் பெரிய சாலையைக் கூட்டுகிறவள் அவள். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பக்கா என்பார்கள். சும்மா வைத்த பெயர் இல்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தால் எதிர்க்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, விஷயம் என்னவென்றே தெரியாமல் தானும் சிரித்துவிட்டுப் போவார்.

அந்தச் சிரிப்புக்குத் தீனி போட்டவர் அவள் புருஷன், ஆட்டோக்காரர். சவாரிக்கு வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் காதில் வாங்கி, கண் காது மூக்கு வைத்து, வேலை முடிந்து அவள் வண்டியில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார். வீடு போய்ச் சேருவதற்குள் அவளுக்கு வயிறு வலித்துவிடும்.

இந்த வருஷம் அதில் மண் விழுந்தது. சிரித்தாளோ இல்லையோ, இருமல் பிடித்துக்கொள்ளும். கண்ணில் நீர் முட்டும், மூச்சு வாங்கும், ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். கொஞ்ச நாளில் ஆட்டோக்காரர் கதை சொல்வதையே விட்டுவிட்டார். "இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டால், "என்ன இருக்கு, ஒண்ணுமில்ல" என்பார். வாய் ஓயாத மனுஷன் உம்மென்று வண்டி ஓட்டினால் எப்படி இருக்கும்? இருமலைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், இதைப் பொறுக்க முடியவில்லை. இவருக்கு நாம் சலித்துப்போய்விட்டோமோ என்று உள்ளுக்குள் மருகினாள்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். டாக்டரம்மா முதுகில் குழலை வைத்துப் பார்த்தார், ஒரு கருவியில் ஊதச் சொன்னார்.

"நாள் முழுக்க ரோட்டுல நிக்கிறீங்க. வண்டிப் புகையும் தூசியும் போய் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கு. எப்போ ரொம்பப் படுத்துது?"

அவள் வாயைத் திறக்குமுன் ஆட்டோக்காரர் முந்திக்கொண்டார். "என்னாலதாங்க. நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வெச்சுடறேன். அதான் இப்பல்லாம் வாயே திறக்கிறதில்ல."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை நாளும் இதுதானா? முதுகில் ஒன்று வைக்கலாமா, கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. டாக்டர் முன்னால் இரண்டுக்கும் வழியில்லை.

"எங்க வெச்சு சிரிக்க வைப்பீங்க?" என்றார் டாக்டரம்மா.

"வண்டியிலதாங்க. பழைய வண்டி, அணைச்சா மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும். இவ வர்றப்போ காத்திருக்க வேணாமேன்னு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருப்பேன். இவ வந்து பின்னாடி குனிஞ்சு தொடப்பத்தைக் கட்டுவா, அப்புறம்..."

அதோடு நின்றுவிட்டார். புகைக்குழாயும் பின்னாடிதான். ஆசை ஆசையாக அவர் தினமும் ஊட்டியது அந்தப் புகையைத்தான்.

"சிரிச்சா இருமல் கிளம்பும், ஆனா சிரிப்பால வந்த நோய் இல்ல இது" என்றார் டாக்டரம்மா. "வண்டியை அணைச்சுட்டு நில்லுங்க. நீங்க முகக்கவசம் போடுங்கம்மா, தண்ணி தெளிச்சுட்டுக் கூட்டுங்க, இன்ஹேலரை விடாம இழுங்க."

எல்லாம் நடந்தது. மெக்கானிக் புகையைக் குறைத்துக் கொடுத்தார். வண்டியின் பிடிவாதத்தைத்தான் அவராலும் குறைக்க முடியவில்லை.

மழை வந்து ஓய்ந்த ஒருநாள் மத்தியானம் அவள் வேலை முடித்து வந்தாள். அணைத்து நிறுத்திய வண்டி என்ன செய்தும் கிளம்பவில்லை.

"முன்னாடி உக்காரு. ஹேண்டிலைப் பிடிச்சுக்க, நான் தள்ளுறேன்" என்றார்.

தள்ளினார். வண்டிக்குத் திடீரென்று ரோஷம் வந்து கிளம்பியது, அவளோடு. "பிரேக்கு! காலுக்குக் கீழ, பிரேக்கு!" என்று கத்திக்கொண்டே ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடிவந்தார். ஒரு வழியாக மிதித்து நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். தொலைந்த செருப்பை எதிர்க்கடைக்காரர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பழைய சிரிப்பு, வயிறு குலுங்க, தெருவே திரும்பிப் பார்க்க. ஆட்டோக்காரர் மட்டும் சிரிக்காமல், கம்பியைப் பிடித்தபடி இருமலுக்குக் காத்து நின்றார். சிரிப்பு அடங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். இருமல் வரவில்லை.

அவர் கம்பியை விட்டுவிட்டு மறுபடி வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். "இன்னொரு தடவை தள்ளட்டுமா?"