சீட் பெல்ட் போட்ட ரம்பம்

செவ்வாய்க்கிழமை காலை, கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் ஹெதரின் சிவப்புக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. எழுபதைத் தாண்டியவர். இந்த ஊரில் எந்த வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பின்னால் ஒரு ‘அம்மா’வை ஒட்டினால் ஏதோ தப்பு நடந்துவிட்டது போலப் பார்க்கிறார்கள். இறங்கினார், காரைச் சுற்றி வந்தார், பக்கத்து சீட் கதவைத் திறந்து குனிந்து சீட் பெல்ட்டைக் கழற்றினார். பேரப்பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தது ஒரு ரம்பம். பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பம், பல்லுக்கு உறை மாட்டி, பழைய கம்பளித் துண்டில் சுற்றியது. “வளைவில் உருண்டுவிடக் கூடாதில்லையா,” என்றார். சாயங்காலத்துக்குள் கிடைத்தால் நல்லது, குளிர் வருகிறது, விறகு பாதிதான் அறுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை எங்கள் ஊர் ராஜகீழ்ப்பாக்கத்தில் சொன்னால் டீக்கடையே சிரிக்கும். என் சிநேகிதன் யூசுப் தன் ரம்பத்தை பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் குறுக்கே வைத்துக்கொண்டு, உறை கிறை ஒன்றும் இல்லாமல், மேடவாக்கம் ரோட்டில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து போவான். பஸ் படியில் தொங்குகிறவர்கள் அவனைக் கண்டதும் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். “பாத்தியா மச்சான், கண்டக்டர் தொண்டத்தண்ணி வத்தக் கத்தினாலும் கேக்காதவன்லாம் நம்ம மிஷினப் பாத்து மேல ஏறிக்கிறான்” என்பான். யூசுப் பேசினால் யாருக்கும் பயம் வராது. அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்தது. இப்போது என்னைத் தூங்க விடாததும் அதுதான்.

நான் இங்கே வந்தது என் படிப்பாலோ பணத்தாலோ இல்லை. மனைவி நர்ஸ். நியூசிலாந்தின் தென்தீவில் இந்தச் சின்ன ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது; பெட்டி படுக்கையோடு நானும் வந்தேன். வீட்டுக்கு வீடு இரும்பு அடுப்பு வைத்து விறகு எரிக்கும் ஊர். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு ரம்பமும் உண்டு. விறகுக்குச் சின்னது, பண்ணைக்கு நடுத்தரம், பைன் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு, செயின் சுற்றி ஓடும் வாள் கை நீளத்துக்கு இருக்கும் பெரியது. மூன்றும் பழுதாகி வந்து சேரும் இடம் ஜேனட்டின் கடை. ஜேனட் ஐம்பது வயதுப் பெண்மணி. சுவரில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் வரைந்து, அந்தந்தக் கோட்டுக்குள் அந்தந்தச் சாமானை மாட்டி வைத்திருப்பவர். முருகேசன் என்ற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. முதல் நாளே ‘மர்ஃப்’ ஆகிவிட்டேன். தினமும் காலையில் “யூ ஆல்ரைட், மர்ஃப்?” என்று கேட்பார். அது வெறும் வணக்கம் என்று தெரியாமல், முகம் வாடித் தெரிகிறதோ என்று ஒரு வாரம் தலைவலி, தூக்கம், சாப்பாடு என்று நிஜமான பதிலையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஊரில் என் கடை ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பக்கத்தில், ஒரு தகர ஷெட். யாரிடமும் தொழில் கற்றவனில்லை. கழற்றிப் பார்த்தேன், மாட்டினேன், மிஞ்சிய நட்டைப் பார்த்து மறுபடி கழற்றினேன், அப்படித்தான் வந்தது. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், மருந்தடிக்கும் பம்ப், லாரித் தண்ணீரை மாடிக்கு ஏற்றும் மோட்டார் எல்லாம் வரும். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: நின்றுபோகக் கூடாது. ஆயில் குறைந்தால் தானாக அணையும் ஜெனரேட்டரா? அந்த வயரை வெட்டிவிடு. பெல்ட்டுக்கு மேல் மூடி இடிக்கிறதா? மூடியைத் தூக்கிப் போடு. “மோட்டாருக்கு எதுக்குப்பா சட்டை?” என்று ஊரப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு கட்டட மேஸ்திரி கேட்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இப்படிக் கழற்றியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். டின் நிறைய நிறைய எனக்குப் பேர் வந்தது.

யூசுப் செகண்ட் ஹேண்டில் ரம்பம் வாங்கியது அப்போதுதான். வயல்களெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம். மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிக்கு இடம் சுத்தம் செய்ய ஆள் கிடைக்காது. பனைமரம்தான் அதிகம். பனையை அறுத்தவர்களுக்குத் தெரியும், அது தூளாக உதிராது. நார் நாராகக் கிழிந்து மிஷினுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ரம்பத்தின் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு உண்டு. ரம்பம் துள்ளினால் மணிக்கட்டு அந்தத் தடுப்பில் இடிக்கும். உடனே உள்ளே வளையம் போன்ற ஒரு இரும்புப் பட்டை இறுக்கிப் பிடித்து, கண் இமைப்பதற்குள் செயினை நிறுத்தும். செயின் பிரேக் என்பது இதுதான். நார் அடைத்தால் அந்தப் பட்டை வேண்டாத நேரத்திலும் பிடிக்கும், புகையும்.

“செம பேஜாரு மச்சான்,” என்று ஒரு நாள் மிஷினைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டான். “மரத்த அறுக்கறது கொஞ்ச நேரம், இத்தத் தொறந்து நார எடுக்கறது மீதி நேரம். இன்னாத்துக்குதான் கீது இந்தப் பட்டை?”

“நிறுத்தறதுக்குடா.”

“நிறுத்தறதுக்கு நம்மகிட்ட சுவிட்ச் கீதே!”

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் சொன்னதில் நியாயமும் தெரிந்தது. பட்டையைக் கழற்றினேன். முன்தடுப்பையும் எடுத்தேன். பட்டை மாட்டியிருந்த முளை ஒன்று மிஷின் உடம்பில் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலும் நார் சுற்றுமே என்று அதை அரத்தால் தேய்த்து, விரல் வைத்துத் தடவினால் தெரியாத அளவுக்கு மட்டமாக்கினேன். ஒரு வேலையைப் பாதியில் விடுகிறவன் இல்லை நான். அன்றைக்கு அதில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

இங்கே சேர்ந்த முதல் மாதம் ஒரு பண்ணைக்காரரின் ரம்பம் அதே கோளாறோடு வந்தது. பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் கை எனக்கு முன்னால் போய்விட்டது. பிளக் ஓட்டை வழியாக நூல் கயிற்றைத் திணித்து பிஸ்டனை நிறுத்தி, கிளட்சைக் கழற்றி, பட்டையை எடுத்து ஓரமாக வைத்து, எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிக் காட்டினேன். கயிறு வித்தையை ஜேனட் ரசித்தார். அவரும் அப்படித்தான் செய்வாராம். அப்புறம் முன்தடுப்பைத் தட்டிப் பார்த்தார். செயின் நிற்கவில்லை. இஞ்சினை அணைத்தார். “மீதி எங்கே?” என்றார். மேஜை ஓரத்தைக் காட்டி, “நோ ட்ரபிள் நவ்” என்றேன்.

அவர் திட்டவில்லை. அணைத்த ரம்பத்தை என் கையில் கொடுத்து, அறுக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னார். வாளின் நுனியைப் பிடித்து, மெதுவாக என் பக்கம் மேலே தூக்கினார். நுனி என் நெஞ்சைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது. நுனியின் மேல்முனை இன்னொரு கட்டையில் பட்டால் போதும், இவ்வளவு தூரமும் ஒரே துள்ளலில் வரும் என்றார். “உனக்கு யார் இதைச் சொல்லித் தந்தது?” என்று கேட்டார். “நோபடி” என்றேன். நானே கற்றுக்கொண்டவன் என்று பெருமையாகத்தான் சொல்ல நினைத்தேன். ‘எனக்கு யாருமே சொல்லவில்லையே’ என்று நான் வருந்துவதாக அவர் புரிந்துகொண்டு, தோளைத் தட்டிவிட்டு டீ போடப் போனார். நான் அப்படியே நின்றேன். என் மூக்கு முன்னால் இருந்தது பண்ணைக்காரரின் ரம்பம். நான் பார்த்துக்கொண்டிருந்தது யூசுப்பின் முகத்தை.

மறுநாளே போன் செய்தேன். இங்கே பிற்பகல் மூன்று மணி டீ நேரம், அங்கே காலையில் அவன் வேலை தொடங்கும் நேரம். விளக்கிச் சொன்னேன், கெஞ்சினேன்.

“டேய், ஃபாரின் தண்ணி குடிச்சதும் பயந்தாங்கொள்ளி ஆயிட்டியா?” என்றான். “அஞ்சு வருசமா ஓட்டிகினு கீறேன். ஒரு கீறல் கெடையாது. நீ பண்ணின வேலைடா அது, கோளாறு வருமா?”

பழைய மாடலுக்கான பட்டையை ஜேனட்டின் அலமாரியில் தேடிப் பிடித்து, தடுப்போடு சேர்த்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது: மாட்டுவதற்கு முளை இல்லை. நான்தான் தேய்த்துவிட்டேனே. முளை வேண்டுமானால் முழு உடம்பையே மாற்ற வேண்டும். அந்த உடம்பு இப்போது எங்கும் வருவதில்லை என்று ஜேனட் மூன்று இடத்தில் விசாரித்துச் சொன்னார். அடுத்த முறை போனை எடுத்தது யூசுப்பின் மனைவி ஷமீம்.

“அண்ணா, நீங்க அனுப்புன வளையம் வந்துச்சுண்ணா. மிஷின்ல ஒக்கார்லன்னு சொன்னாரு. அத்த எம் பொண்ணு வளையலா மாட்டிகினு கீறா, கயட்டவே மாட்டேங்கிறா.”

“ஷமீமு, அவன் மிஷினத் தோளுக்கு மேல தூக்கி அறுக்காம பாத்துக்கம்மா. நுனியில மரம் படக் கூடாதுன்னு சொல்லு.”

“நான் சொன்னாக் கேக்கற ஆளாண்ணா அவரு? நீங்க சொன்னாதான் கேப்பாரு.”

ஷமீம் நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் செய்ததை நம்பியதால்தானே இந்த நிலைமை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. புது ரம்பம் ஒன்றை, பெட்ரோல் வாடைகூடப் படாததை, வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தின் கப்பல் சாமான்களோடு வைத்து அனுப்பினேன். தடுப்பின் மேல் சிவப்பு மையால் ‘இதைத் தொடாதே’ என்று தமிழில் எழுதினேன். பழையதை உடைத்துப் போட்டுவிடு என்று சீட்டும் வைத்தேன். வெளிநாட்டில் கைத்தொழிலோடு வந்து உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது புரியும். நாம் கிளம்பி வந்துவிடுகிறோம். நாம் செய்த வேலை அங்கேயே இருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நம்முடைய விலாசம் மாறியது தெரியாது. சாமான் போய்ச் சேர்ந்த மாதம் மட்டும் நான் நன்றாகத் தூங்கினேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஹெதரின் ரம்பத்துக்குப் பல் தீட்டி, வாளைச் சீவி, கார்புரேட்டரைச் சரிசெய்து முடிக்க மணி மூன்றாகிவிட்டது. ஜேனட் மீட்டர் வைத்து வேகம் பார்ப்பார். நான் காதால் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாகவே வரும், அதில் அவருக்கு இன்னும் ஆச்சரியம். டீயை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய் யூசுப்பைக் கூப்பிட்டேன். மனையில் இருந்தான். உற்சாகத்தில் கத்தினான்.

“மச்சான்! உன் புண்ணியத்துல ரெண்டு மிஷினு ஓடிகினு கீது! பழச சலீம்கிட்ட குடுத்துட்டேன், ஷமீம் தம்பி. இனிமே ஒரே நாள்ல ரெண்டு மனை சுத்தம் பண்ணலாம்.”

“பழச உடைக்கச் சொன்னேனேடா!”

“ஓடற மிஷின எவனாச்சும் உடைப்பானா? நீயா பேசற?”

மூச்சை விட்டுவிட்டு, புதியது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“சூப்பரா கீது. மொத ரெண்டு நாளு அதுலயும் நார் சிக்கிச்சு. சரின்னு நானே ஒக்காந்து பட்டைய கயட்டிட்டேன். நீ அன்னிக்கு செஞ்சத பக்கத்துல குந்தி பாத்துகினுதான இருந்தேன்? அந்த முளையக்கூட வுடலடா, மட்டமா தேச்சிட்டேன். நீ பாத்தா மெச்சிக்குவ.”

அந்த நேரத்தில் அவனுக்குப் பின்னால் யாரோ கயிற்றை இழுத்தார்கள். முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று, இரண்டு ரம்பமும் ஓடத் தொடங்கின. ஒன்று சரியான சத்தம். மற்றது பழையது, நான் நன்றாக அறிந்த குரல், சும்மா நிற்கும்போதே வேகம் அதிகம். அந்த வேகத்தில் முடுக்கும் விசையைத் தொடாமலேயே செயின் நகர்ந்துகொண்டிருக்கும். பிடித்திருப்பது சலீம். அவனை நான் பார்த்ததுகூட இல்லை.

“யூசுப், சலீமை அணைக்கச் சொல்லு. கீழ இருக்கிற ஸ்க்ரூவ இடப்பக்கம் கால் சுத்து விடு, வேகம் கொறையும். யூசுப்! அணைக்கச் சொல்லுடா!”

“இன்னா? கேக்கல மச்சான். மிஷினு ஓடுது. அப்பால பேசறேன். நீ வுடம்பப் பாத்துக்க.”

லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரம்பம் ஓடும்போது போன் கேட்காது என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் கூப்பிட்டேன். ஜேனட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “யூ ஆல்ரைட், மர்ஃப்?” என்றார். “ஆல்ரைட்,” என்றேன். இப்போதெல்லாம் எனக்கு அந்தப் பதில் வந்துவிட்டது.

ஹெதர் வந்துவிட்டார். மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டினேன். இடது மணிக்கட்டால் முன்தடுப்பைத் தள்ளினேன். டக். செயின் நின்றது. சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் மறுபடி ஓட்டினேன், மறுபடி தள்ளினேன். டக். நான்காவது முறை ஹெதர் என் கைமேல் கை வைத்து, “போதும், நம்புகிறேன்,” என்றார்.

அணைத்து, உறை மாட்டி, கம்பளியில் சுற்றி, கார் வரை நானே தூக்கிப் போனேன். பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை இழுத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. கார் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். என் சட்டைப்பையில் போன், மறுபடி நான் அழுத்திவிட்டிருந்த யூசுப்பின் எண்ணுக்கு இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது.