கன்னியம்மா வீட்டு ஆன்டெனா

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டில், புத்தம்புது டி.வி. முன்னால் உட்கார்ந்து கஸ்டமர் கேர் பெண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தெலுங்கில்!

எனக்குத் தெலுங்கு வராது. அதுதான் சிக்கலே.

எப்படி அங்கே போய் மாட்டினேன் என்கிறீர்களா? எல்லாம் நண்டால் வந்த வினை.

பொன்னேரியில் என் வீட்டுக்கு நண்டு கொண்டுவருவது தேசராணி. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையாலேயே தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பாள். நான் மளிகைக் கடையில் அரை கிலோ உளுத்தம்பருப்பைத் தூக்கவே முகம் சுளிப்பவள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தாங்காது.

என் சித்தி பெண் சென்னையில் அரசாங்க டி.வி. சேனலில் வேலை பார்க்கிறாள். ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்க்காரர்களையே சமைக்கச் சொல்லிப் படம் எடுக்கும் நிகழ்ச்சி. ஒருநாள் பேச்சுவாக்கில் தேசராணியைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவுதான்... அடுத்த வாரமே கேமராவோடு கோட்டைக்குப்பத்தில் இறங்கிவிட்டார்கள். அரை நாள் ஷூட்டிங். ஏரியில் நண்டு பிடிப்பது, கரையில் அடுப்பு மூட்டிக் குழம்பு வைப்பது, நடுநடுவே பேட்டி.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஒளிபரப்பு என்று தகவல் வந்தது. "ஹெச்.டி.யில பாக்கச் சொல்லு, ஏரி சூப்பரா வந்திருக்கு" என்றாள் சித்தி பெண். நானும் அதை அப்படியே தேசராணியிடம் சொல்லித் தொலைத்தேன்.

அவள் புருஷன் ஏழுமலை கடலுக்குப் போகிறவர். பெண்டாட்டி டி.வி.யில் வருகிறாள் என்றதும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய டி.வி.யைத் தள்ளிவிட்டு, சுவரில் பாதியை அடைக்கிற மாதிரி ஒரு ஹெச்.டி. டி.வி. வாங்கிவந்தார். கூடவே டிஷ். தடாவில் அவருடைய மாமா பையன் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை செய்கிறானாம். அவனே வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். என்னையும் கட்டாயம் வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டும்போதே தூறல். போய் இறங்கினால் வீடு நிறையச் சனம். ஏழுமலை புதுச் சட்டையில் நின்றார். தேசராணி பட்டுப்புடவையில்! டி.வி.யில் வரப்போவது ஏற்கெனவே எடுத்து முடித்த படம், இன்றைக்கு என்ன கட்டினாலும் அதில் தெரியாதே என்று மெதுவாகச் சொன்னேன். தெரியும் என்றாள். பார்க்கிறவர்கள் திரும்பி இவளையும் பார்ப்பார்களாம்.

நியாயம்தானே?

ரிமோட்டை எடுத்து அழுத்தினார் ஏழுமலை. தெலுங்கு சீரியல். இன்னொரு அழுத்தல். தெலுங்கு நியூஸ். இன்னொன்று... தெலுங்குப் பக்தி. எல்லாமே அட்டகாசமான ஹெச்.டி. கோயில் யானையின் இமை முடியை எண்ணலாம். ஆனால் நம்ம சேனல் எங்கே?

விஷயம் மெல்லப் புரிந்தது. தடா இருப்பது ஆந்திராவில். அங்கே வாங்கிய டிஷ்ஷுக்கு லோக்கல் சேனல் என்றால் தெலுங்கு. கம்பெனிக் கணக்கில் ஏழுமலை குடும்பமே ஆந்திராக்காரர்கள்! அவர் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறவர்தான்... அதற்காக இப்படியா?

கம்பெனியோடு பேச மற்றவர்கள் தயங்க, அப்போதுதான் நான் போனை எடுத்தேன். மறுமுனையில் தெலுங்கு. வீட்டில் தெலுங்கு தெரிந்த நாலு பேர் நாலு பக்கமிருந்தும் எனக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண் பொறுமைசாலி. கடைசியில் தமிழ் தெரிந்த ஒருவருக்கு மாற்றிவிட்டாள். அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி - "உங்க லோக்கல் எது மேடம்?"

தமிழ் பேக் மாற்றிவிடலாமாம். ஆனால் நான் சொல்லும் சேனல் அந்த பேக்கில் ஹெச்.டி.யில் கிடையாதாம். சரி, சாதாவிலாவது கொடுங்கள் என்றேன். கொடுத்தார். திரை ஒருமுறை கறுத்தது. சேனல் பெயர் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டிய மறு நிமிஷம் வெளியே மழை வலுத்தது. திரையில் சேனல் பெயர் போய், 'சிக்னல் இல்லை' என்று நீலப் பட்டை. எங்கேயோ வானத்து உச்சியில் இருக்கும் சாட்டிலைட்டிலிருந்து கோட்டைக்குப்பம் வரை பத்திரமாக வந்த சேனல், கடைசியில் கூரைக்கு மேலே இருந்த ஒரு கருமேகத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது.

மணி பத்து நாற்பது.

யாரோ ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள், "கன்னியம்மா வூட்ல வரும்."

ஏழுமலை தரையைப் பார்த்தார். தேசராணி புடவை முந்தானையைச் சரிசெய்தாள்.

கன்னியம்மா ஏழுமலையின் அக்கா. எதிர் வீடு. இவளும் தேசராணியும் பத்து வருஷம் ஒன்றாக ஏரியில் இறங்கியவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் தேசராணி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. முதல் தண்ணீர் அத்தைதான் ஊற்ற வேண்டும். சீர் வாங்கப் பொன்னேரி போயிருந்த கன்னியம்மா திரும்பி வந்த ஷேர் ஆட்டோ வழியில் பஞ்சர். நல்ல நேரம் முடியப்போகிறதென்று பெரியவர்கள் அவசரப்படுத்த, வேறொருத்தி ஊற்றிவிட்டாள். கன்னியம்மா வாசலுக்கு வந்தபோது பெண்ணுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்களாம். அன்றோடு பேச்சு நின்றது. ஏரியிலும் ஆளுக்கொரு திசை. இவ்வளவும் அந்தப் பத்து நாற்பதுக்கும் பத்து நாற்பத்திரண்டுக்கும் நடுவில் எனக்குக் காதோடு சொல்லப்பட்டது.

கன்னியம்மா டிஷ் வைக்கவில்லை. மாதாமாதம் ரீசார்ஜ் எதற்கு என்று, மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி வைத்திருந்தாள். இப்போதைய டி.வி.களில் சிலவற்றுக்கு உள்ளேயே அதற்கான வசதி இருக்கிறதாம். சென்னை அரசாங்க டவரிலிருந்து வருவதை அப்படியே வாங்கி, சில சேனல்களை ஹெச்.டி.யிலேயே காட்டிவிடும். இலவசம். டி.வி.க்குத் தூண்டில் போட்டிருக்கிறாள் என்று ஊரே கேலி பேசியிருக்கிறது.

சரி, யார் போய்க் கேட்பது?

தேசராணி மாட்டேன் என்றாள். ஏழுமலை, கடலில் எந்தக் காற்றுக்கும் பயப்படாதவர், அக்கா என்றதும் பின்வாங்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியூர்க்காரி... திட்டு வாங்கினாலும் பஸ் ஏறிப் போய்விடலாம் அல்லவா?

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் தெருவைத் தாண்டினேன். கதவு திறந்துதான் இருந்தது. கன்னியம்மா டி.வி.க்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஓடிக்கொண்டிருந்தது நம்ம சேனல்! ஆனால் படம் சதுரம் சதுரமாக உடைந்து, பேச்சு விக்கி விக்கி வந்தது.

நான் யாரென்று சொல்லி, வந்த விஷயத்தை ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"பத்து மணியிலேந்து போட்டுக்கினு உக்காந்துக்குறேன். காத்துல கழி திரும்பிக்கிச்சி. எம் புருஷன் பட்டணம் போயிருக்குறாரு. ஏழுமலைய வந்து ஏறச் சொல்லு."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன்.

மழை தூறலாகிவிட்டிருந்தது. புதுச் சட்டையோடு ஏழுமலை மேலே ஏறினார். வாசலில் ஒருவர், ஜன்னலில் ஒருவர், டி.வி. அருகில் நான். வந்துச்சா? வரல. இப்ப? குரல் வந்தது, படம் நின்றது. கழியைக் கொஞ்சம் தெற்கே திருப்பினார். படம் வந்தது, குரல் போனது. இன்னும் ஒரு விரல் அளவு... மணி பதினொன்று, சட்டென்று திரை முழுக்க ஏரி! பச்சையும் நீலமுமாக, தண்ணீரின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிய. மேலிருந்த மனுஷனை அசையாதே என்று பத்துக் குரல் ஒரே நேரத்தில் அதட்டின. பாவம், பெண்டாட்டி டி.வி.யில் வந்த முதல் ஐந்து நிமிஷம் அவர் கழியைப் பிடித்துக்கொண்டு கூரைமேல்தான் நின்றார்.

தேசராணி கடைசியாக வந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். கன்னியம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் தேசராணி நண்டு பிடித்தாள். ஊர் ஆர்ப்பரித்தது. கரையேறினாள். பேட்டி. கை வைத்துப் பிடிக்கிறீர்களே, நண்டு கடிக்காதா என்று கேட்டாள் தொகுப்பாளினி.

தேசராணி வலது ஆள்காட்டி விரலைக் காட்டினாள். விரலைச் சுற்றி மோதிரம் போல ஒரு தழும்பு, திரையில் பளிச்சென்று.

"பெரிய பச்ச நண்டு. கவ்விக்கினு வுடல. எங்க நாத்தனாரு, கன்னியம்மான்னு பேரு, வாயிலேர்ந்த பறியத் துப்பிட்டு, நண்டோட கொடுக்கப் பல்லாலயே கடிச்சி ஒடச்சாங்க. அவங்க இல்லன்னா இந்த வெரலு இல்ல."

இப்படி அவள் பேசியிருக்கிறாள் என்பது யாருக்குமே தெரியாது. எனக்கும்தான். சேனலில் அதை வெட்டிவிட்டிருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கன்னியம்மா அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நிலைப்படிப் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷம் கழித்து அவள் தேசராணியிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"எனக்கு ரெண்டு பல்லு ஆடிப்போச்சே... அத இன்னாத்துக்கு சொல்லல?"

"சொன்னேன் அண்ணி. வெட்டிட்டாங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது! என் சித்தி பெண்ணைக் கேட்கிறேன் என்று உறுதி கொடுத்தேன். கன்னியம்மா நாற்காலியில் நகர்ந்து பாதி இடம் விட்டாள். பட்டுப்புடவை அங்கே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேரும் ஓயவில்லை. திரையில் குழம்பு கொதிக்க, புளியை ஏன் அவ்வளவு சீக்கிரம் ஊற்றினாய் என்று கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். கேமராக்காரர் அவசரப்படுத்தினார் என்றாள் தேசராணி. அழுவதும் சிரிப்பதும் புளியும் ஒன்றாகக் கலந்து, எது எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகப் புளிக்காக இல்லை.

நிகழ்ச்சி முடியும்போது மழை சுத்தமாக விட்டிருந்தது. கடல் ஓதம் இறங்கி, ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டதாக யாரோ சொன்னார்கள். நண்டுக்கு நல்ல நேரமாம். தேசராணி ஓடிப்போய்ப் பட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய புடவையில் வந்தாள். கன்னியம்மா பறியை எடுத்தாள். இரண்டு பேரும் இன்னும் புளிச் சண்டை போட்டுக்கொண்டே தெருவில் இறங்கினார்கள். அவர்கள் பின்னாலேயே ஊரும் போய்விட்டது.

காலை வரை யாரென்றே தெரியாத ஒருத்தி வீட்டில், ரிமோட் எங்கே என்று தெரியாமல், நான் மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்து அடுத்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். கத்திரிக்காய் சாகுபடி.

ஹெச்.டி. என்றால் அதுதான் ஹெச்.டி... புழுவின் முகத்தில் இருந்த திருப்தி வரை தெரிந்தது!