பத்திநாதன் கழுவிய கார்

ஒரு பொருளை வருடக்கணக்காகத் தினமும் தொட்டுத் துடைத்து வந்தவனுக்கு அந்தப் பொருளைத் தெரியும் என்று சொல்லலாமா? பத்திநாதனைக் கேட்டிருந்தால், இதிலென்ன சந்தேகம் என்றிருப்பார். அவர் மனைவி பெற்றீசியாவைக் கேட்டிருந்தால், முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பாள்.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அதன் நிர்வாகியான தொரையின் பங்களாவில் பத்திநாதன் வேலை பார்த்தார். பூப்பாத்தி கொத்துவது, புல் வெட்டுவது, விறகு பிளப்பது என்று வேலைகள் பல. ஆனால் தன்னுடைய வேலை என்று அவர் நினைத்தது ஒன்றைத்தான். தொரையின் கருநீலக் காரைக் கழுவுவது. பனி விலகுவதற்குள் காரைக் கொட்டகையிலிருந்து பின்னுக்கு எடுத்துக் குழாயடியில் நிறுத்துவார். கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, மெழுகு போட்டு, தன் முகம் அதில் தெரியும் வரை தேய்ப்பார். முகம் தெரிந்ததும் மீசையைச் சரிசெய்துகொண்டு காரைத் திரும்பவும் உள்ளே விடுவார். அவருக்குத் தெரிந்த கார் ஓட்டுதல் அவ்வளவுதான். மழை பெய்கிற நாளிலும் கழுவுகிறீர்களே என்று பங்களாச் சமையல்காரர் ஒருமுறை கேட்டபோது, "மழைத் தண்ணி அழுக்குங்க" என்று விளக்கம் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில் தொரைக்குக் கம்பெனி புது ஜீப் கொடுத்தது. அதன்பிறகு கார் கொட்டகையைவிட்டு வெளியே போகவில்லை. பத்திநாதனின் கழுவல் மட்டும் நிற்கவில்லை; வாளியில் தண்ணீரைக் கொட்டகைக்கே கொண்டுபோனார். எங்கும் போகாத காரைக் கழுவுவதில் பலன் கருதாத ஒரு தூய்மை இருப்பதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். அவர் மனதில் ஓடியது அது அல்ல. அங்கே மெதுவாக ஒரு தத்துவம் உருவாகிக்கொண்டிருந்தது: ஓடாத வண்டி தேயாது. தேயாத வண்டி புதுசு. தத்துவங்களில் பலவற்றைப் போல இதுவும் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது.

பங்களாவும் மாதா கோயிலும் மலையடிவாரத்தில், பெரிய ரோட்டை ஒட்டி இருந்தன. பத்திநாதன் குடியிருந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மேலே இருந்தது. பெற்றீசியா கொழுந்து பறிப்பவள். இத்தனை வருடம் கூடை சுமந்து சரிவுகளில் நின்றதில் முழங்கால் இரண்டும் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இறங்கிவிடுவாள். ஏறும்போதுதான் ஒவ்வொரு வளைவிலும் மதகுக் கட்டையில் உட்கார வேண்டியிருக்கும். பத்திநாதன் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

"ஒருநாள் இந்த ஏத்தத்துல ஒன்ன ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்பார்.

"செத்தாத்தான் என்னைத் தூக்குவீங்க. அப்பவும் கீழதான் தூக்கிட்டுப் போவீங்க, மாதா கோயிலுக்கு. அது எறக்கம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்த வாக்கை அவர் விளையாட்டாகக் கொடுக்கவில்லை.

தொரைக்குக் கொழும்புக் காரியாலயத்துக்கு மாற்றல் வந்தது. காரை விற்கப்போவதாகவும் ஹட்டனிலிருந்து ஒருவன் பார்க்க வருவதாகவும் சொன்னார். பத்திநாதன் கழுவிக்கொண்டிருந்த துணியைப் பிழிந்து தோளில் போட்டார்.

"அந்த ஆளு வேணாங்க தொரை. நான் எடுத்துக்கிறேங்க."

தொரை சிங்களவர். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். "ஒனக்கு எதுக்கு கார்? ரெண்டு வருசமா நிக்குது. நல்லா யோசிச்சுப் பாரு."

"எனக்குத் தெரியாத வண்டியாங்க?"

"நீ கழுவித்தானே இருக்கே" என்றார் தொரை.

பத்திநாதன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

தொரையோடு பங்களா வேலையும் முடிவதாக இருந்தது; ஓய்வு வயதான அவருக்கு அந்த வருடம்தான் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்திருந்தது. அதுவும் பெற்றீசியாவின் கம்மலும் காருக்குப் போயின. கம்மலைக் கழற்றும்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏறும்ல?"

"தொரை ஓட்டுன வண்டி புள்ள" என்றார் அவர். தோட்டத்தில் அந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. தொரை வீட்டு நாய்கூட வேறு ஜாதி என்று நம்புகிற இடம் அது.

ஹட்டனில் வேறொருவருடைய வண்டியில் பழகி லைசன்ஸ் எடுத்த பிறகு, ஒரு ஞாயிறன்று பூசை முடிந்ததும் கார் மலைக்குப் புறப்பட்டது. பாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி மாதா கோயில் வாசல் என்றும் பாராமல் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காயும் உடைத்தாள். பாதர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பெற்றீசியா கிறிஸ்மஸ் சேலையில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். லயத்துச் சனம் பாதிப்பேர் பின்னால் நடந்து வந்தார்கள்.

எலுமிச்சம்பழங்கள் ஒழுங்காக நசுங்கின. முதல் வளைவை கார் கடந்தது. இரண்டாவது வளைவில் இருமியது. மூன்றாவது வளைவில், நடந்து களைத்த மனிதரைப் போல மதகுக் கட்டையின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து புகை வந்தது.

பின்னால் நடந்துவந்த ராக்காயி ஆறஅமர வந்து சேர்ந்தாள். "என்னாண்ணே, எங்களுக்காகவா நிக்கிறீங்க?"

"இஞ்சின் சூடு ஆறட்டும்னு நிப்பாட்டுனேன்."

"நாங்களும் ஏத்தத்துல இப்பிடித்தான்ணே நிப்போம். எங்கள யாரு மெழுகு போட்டுத் தேய்க்கிறா?"

சூடு ஆறியது. கார் அசையவில்லை. கடைசியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து தள்ளினார்கள். பாரம் குறையட்டும் என்று பெற்றீசியா இறங்கினாள். இறங்கியவள் சும்மா நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பின்பக்கத்தில் இரண்டு கைகளையும் வைத்தாள். உட்கார வைத்துக் கூட்டிப் போவதாகச் சொன்ன ஏற்றத்தில் அவள் காரைத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பத்திநாதன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

ஹட்டனிலிருந்து மெக்கானிக் கணேசமூர்த்தி வந்தான். மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே, வெளிய கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு. ரெண்டு வருசம் நின்ன எடத்துல நின்னா எல்லாம் இறுகிப்போகும்ணே. எறக்கத்துல ஓடும், சமதரையில ஓடும். ஏத்தம் மட்டும் கேக்காதீங்க."

"நம்ம ஊரு முழுக்க ஏத்தம்தானேப்பா."

"அப்ப ஊர மாத்துங்க. இஞ்சின மாத்துறதவிட அது லாபம்."

ஓடாத வண்டி தேயாது என்ற தத்துவம் அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் காரை லயத்தில் எல்லாரும் 'எறங்கு காரு' என்றார்கள். கீழே போவதற்கு அருமையான வாகனம். மேலே வருவதற்கு ஆள் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றீசியா ராணி மாதிரி இறங்கிப் போவாள். வரும்போது கார் முதல் வளைவிலோ இரண்டாவதிலோ, அன்றைய அதன் மனநிலையைப் பொறுத்து, நிற்கும். ஆட்கள் வரும்வரை வண்டியைத் தனியே விட முடியாது என்று பத்திநாதன் அங்கேயே இருந்துவிடுவார். பெற்றீசியா நடந்து போவாள். முன்பெல்லாம் ஏற்றத்தில் பையைத் தூக்க அவர் கூட இருந்தார். இப்போது அவர் காருக்குத் துணை.

அவள் ஒருமுறையும் குத்திக் காட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அவரும் பதிலுக்குத் தொரையைத் திட்டியிருக்கலாம். தனியாக இருக்கும்போது தொரையைத் திட்டிப் பார்த்தார். வாய் வரவில்லை. தொரை பொய் சொல்லவில்லை. நிக்குது என்றார், யோசி என்றார். அப்படியானால் ஏமாற்றியது யார்? ஒருநாள் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவில் வழக்கம்போல் முகம் தெரிந்தது. அவர் மீசையைச் சரிசெய்யவில்லை. தான் ஆசைப்பட்டு வாங்கியது தொரையின் காரை அல்ல, தன் கையால் போட்ட பளபளப்பைத்தான் என்று அன்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். தன் சரக்கைத் தானே விலைக்கு வாங்கி, கூலியைத் தொரைக்குக் கொடுத்த வியாபாரம் அது. இருந்தாலும் பாதியில் விட மனமில்லாமல் மீதிக் கதவையும் தேய்த்து முடித்தார்.

தள்ளுவதற்கு ஆட்கள் சலித்துப்போன பிறகு, காரைக் கீழேயே மாதா கோயில் முற்றத்தில் நிறுத்திக்கொள்ளப் பாதர் இடம் கொடுத்தார். அங்கே குழாயும் இருந்தது. பத்திநாதன் தினமும் மலையிறங்கி வந்து கழுவிவிட்டு மலையேறிப் போனார். கார் வாங்கியபின் அவருடைய நடை கூடிவிட்டது என்று ராக்காயி எல்லாரிடமும் சொன்னாள். பொய் இல்லை.

அப்போதுதான் கணேசமூர்த்தி ஒரு செய்தியோடு வந்தான். மஸ்கெலியாவில் துணிக்கடை வைத்திருக்கும் அழகுமுத்து என்பவர் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட ஒரு கார் தேடுகிறார். பஸ்ஸில் போகும்போது கோயில் முற்றத்தில் இந்தக் கார் மின்னியதைப் பார்த்திருக்கிறார்.

"வித்துட்டீங்கன்னா ஹட்டன்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு த்ரீவீலர் இருக்கு. பழசுதான். பாக்க அசிங்கமா இருக்கும். ஆனா ஏறும்ணே. அக்காவ வாசல்லயே எறக்கி விடலாம்."

பெற்றீசியா தேத்தண்ணி கோப்பையோடு அங்கேயே நின்றிருந்தாள். வாசல் என்ற சொல்லைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தாளு வர்றப்ப நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்றான் கணேசமூர்த்தி. "கழுவி மட்டும் வைங்க. நீங்க கழுவி வச்சா யாரு மூடியத் தொறந்து பாக்கப்போறா?"

"ஆமா" என்றார் பத்திநாதன். "நானே தொறந்து பாக்கலியே."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. சனிக்கிழமை பெருமழை. ரோட்டில் போன லொறிகள் அடித்த சேறு காரின் ஒரு பக்கம் முழுக்க அப்பியிருந்தது. பொழுது விடிந்ததும் பத்திநாதன் வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் பெற்றீசியா இறங்கிவந்து பூசைக்குப் போனாள். அன்று பிரசங்கத்தில் அவள் மனம் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவாக த்ரீவீலரில் ஏறிப்போய்க்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பத்திநாதன் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். வாளி காலியாக இருந்தது. துணி காய்ந்திருந்தது. கார் சேறும் சகதியுமாக, அவள் இதுவரை பார்த்தே இராத கோலத்தில் நின்றது.

"ஏங்க, கழுவலியா?"

"தண்ணி வரல."

குழாய் அவர் முதுகுக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருந்தது. பூசைக்கு வந்த பிள்ளைகள் அதில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெற்றீசியா குழாயைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது, வாளியை அவளே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அழகுமுத்து பஸ்ஸில் வந்து இறங்கினார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இதுவாங்க அந்தக் கார்?"

"இதுதாங்க."

"அன்னைக்குக் கண்ணு கூசிச்சே."

பளபளக்கிற வண்டியிடம் ஆள் கேள்வி கேட்பதில்லை. சேறு படிந்த வண்டியிடம் எல்லாவற்றையும் கேட்பான். அழகுமுத்து மூடியைத் திறக்கச் சொன்னார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு மலையைக் காட்டி, "கொஞ்சம் ஏத்திக் காட்டுங்க பாப்போம்" என்றார்.

பத்திநாதன் மறுப்புச் சொல்லாமல் ஓட்டினார். அழகுமுத்து முன்னால், பெற்றீசியா பின்னால். கார் முதல் வளைவைக் கடந்தது. இரண்டாவதையும் கடந்தது. பெற்றீசியா முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது வளைவில், அதே மதகுக் கட்டையின் பக்கத்தில், நின்றது.

அழகுமுத்து கோபப்படவில்லை. இறங்கி, சட்டையில் பட்ட சேற்றைத் தட்டிவிட்டார். "பஸ்ஸுல பாத்த அன்னைக்கே எறங்கி வெல பேசிருந்தா எடுத்திருப்பேங்க" என்று சொல்லிவிட்டு, கீழே பஸ்ஸுக்கு நடந்தார். இறக்கம் என்பதால் அவருக்குச் சிரமமில்லை.

பத்திநாதன் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். கதவைப் பூட்டினார். பின்சீட்டிலிருந்து எடுத்த பெற்றீசியாவின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காரை அங்கேயே விட்டுவிட்டு, அவளோடு மேலே நடக்கத் தொடங்கினார். அடுத்த வளைவில் அவள் உட்கார்ந்தபோது பக்கத்தில் நின்றார்.

காரின் மேல் உள்ள ஆசையில்தான் கழுவாமல் விட்டார் என்றாள் ராக்காயி. பைத்தியக்காரத்தனம் என்றான் கணேசமூர்த்தி. நேர்மை என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலும் அப்படிச் சொல்லத் தோன்றாது. பெற்றீசியா மட்டும் கடைசிவரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் வாளியோடு மூன்றாவது வளைவுக்கு இறங்கிப் போய், மதகின் கீழ் ஓடும் தண்ணீரை அள்ளி, காரை முகம் தெரியும் வரை கழுவினார். அதற்கடுத்த நாளும் கழுவினார். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் கழுவவில்லை என்று யார் கேட்டாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பார்.