"வா... நிறைய இடம் இருக்கு!"

டொம்! டொம்!

வண்டியின் பின்சுவரில் இரண்டு குத்து. எங்கள் வழக்கப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். நில்!

ஆனால் நான் ஏற்கெனவே பிரேக்கின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். வண்டிதான் நிற்கவில்லை.

"கிழவனுக்குக் கால் தடுமாறியிருக்கும்" என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன் நான். எந்தப் பெடல் எங்கே என்று என் கால்களுக்குத் தெரியும். இது நடந்தது செப்டம்பர் 19, வியாழக்கிழமை, மாலை 5:04. பூங்காவின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் யாராவது தேடிக்கொண்டு போவீர்கள்.

என் பெயர் வெர்னன். ஆர்லீன் என் மனைவி. ஓய்வு பெற்றதும் மினசோட்டாவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, முப்பத்தோரு அடி நீளத்தில் ஒரு மோட்டார் ஹோம் வாங்கினோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. மலை ஆட்டை நேரில் பார்க்க வேண்டும் என்பது ஆர்லீனின் நாற்பது வருட ஆசை. அதற்காகத்தான் மொன்டானா மலைகளுக்கு வந்தோம்.

4:41. பூங்காவுக்குள் இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் முகாமின் வாசலில் மஞ்சள் மழைக்கோட்டும் நரைத்த தாடியுமாக ஒருவர் சிறிய பாட்டரி வண்டியில் உட்கார்ந்திருந்தார். முகாமைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்.

"உங்களுக்குப் பதினாலாம் நம்பர். நேராப் போய் வலது பக்கம். மூடுபனி இறங்குது, சீக்கிரம் நிறுத்திக்குங்க."

"ஆடு கண்ணுல படுமா?" என்றாள் ஆர்லீன்.

"பனி விலகினா ஆடு. விலகலைன்னா நான்தான். தாடி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே!"

ஆர்லீன் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அதோடு சரி.

4:52. கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. ஆர்லீன் இறங்கிப் போய்த் தேடிவிட்டு வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"பதினாலுன்னு நம்பர் கட்டை இருக்கு. இடது பக்கம்."

"வலதுன்னுதானே சொன்னார்?"

"அவரு நம்மளைப் பார்த்து உக்காந்திருந்தாரு. அவரு வலது நமக்கு இடது. வா வெர்ன், குளிருது."

இவ்வளவு பெரிய வண்டியைத் தனியாகப் பின்னால் எடுக்க முடியாது. ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் நின்று சொல்ல வேண்டும். முகாம்களில் புருஷன் பெண்டாட்டி சண்டை முக்கால்வாசி இதில்தான் வரும். மற்றவர்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். நாங்கள் சண்டை போட்டதில்லை. இருவர் கையிலும் வாக்கி-டாக்கி. கூடவே ஒரு விதி. ஆர்லீன் என் கண்ணாடியில் தெரியவில்லை என்றால், அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். அதற்கும் மேலே அவசரம் என்றால் பின்சுவரில் இரண்டு குத்து.

"நாப்பத்தோரு வருஷத்துல நீ என் பேச்சைக் கேக்குறது இப்ப மட்டும்தான்" என்பாள் ஒவ்வொரு முறையும். அன்றும் சொல்லிவிட்டுத்தான் பின்னால் போனாள்.

4:58. ரிவர்ஸ் போட்டேன். கண்ணாடியில் அவளுடைய ஆரஞ்சு நிற மேல்சட்டை தெரிந்தது.

"வா... வா... கொஞ்சம் இடது..."

பனி மூடியது. ஆரஞ்சு நிறம் மறைந்தது.

நிறுத்தியிருக்க வேண்டும். கால் பிரேக்குக்குப் போய்விட்டது. அப்போதுதான் வாக்கி-டாக்கி பேசியது.

"வா. நிறைய இடம் இருக்கு."

ஆர்லீனின் குரல். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். அந்த ஒரு தப்பு என்னுடையது. மறுக்கவில்லை.

ஆனால்... ஆர்லீன் வாக்கி-டாக்கியில் எப்போதும் கத்துவாள். இந்தக் குரல் கத்தவில்லை. குளிரில் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. பின்னணியில் காற்றின் இரைச்சல்கூட இல்லை. பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து பேசுவது போல...

5:01. எதிரே ஒரு பைன் மரம். பத்தடியில் இருக்க வேண்டியது, நிழலாகத் தேய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நீளமான இடமா?

"ஆர்லீன், போதுமா?"

"வா."

"உன்னைக் காணோமே?"

"வா, ஹார்வ். நிறைய இடம் இருக்கு."

ஹார்வ்?

யார் ஹார்வ்?

பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லாக இறுகியது. வண்டி பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

கியரை 'பார்க்'குக்குத் தள்ளினேன். கைப்பிரேக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினேன். என்ஜின் அணைந்தது.

அந்த அமைதியில்... சக்கரத்தடியில் கூழாங்கற்கள் நொறுங்கின.

கரக்... கரக்... கரக்...

ஹார்னை அழுத்தினேன். ஊமை. கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

பின்னால் ஆர்லீன் இருக்கிறாள்.

பிரேக்கின் மேல் எழுந்து நின்றேன்.

"நிறைய இடம் இருக்கு..."

"ஆர்லீன்!"

5:04.

டொம்! டொம்!

நின்றது.

கதவு தானாகத் திறந்துகொண்டது. விழுந்தடித்து ஓடினேன்.

இரண்டு பக்கமும் ஆளுயரப் பாறை. அவள் முதுகுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு. குதிகால்கள் விளிம்பில். மார்புக்கும் வண்டிக்கும் நடுவே என் உள்ளங்கைகூட நுழையாது. முஷ்டிகளில் ரத்தம்.

பாறைமேல் ஏறி அவளைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அன்னியனைப் பார்ப்பது போல.

"நில்லு நில்லுன்னு தொண்டை கிழியக் கத்துறேன். நீ வந்துக்கிட்டே இருக்க!"

"நீதானே வான்னு சொன்ன?"

"பனி மூடினப்புறம் நான் வான்னு ஒரு தடவைகூடச் சொல்லல வெர்ன்."

குனிந்து தரையைப் பார்த்தேன். தரை பின்பக்கம் மேடாக இருந்தது. பிரேக்கே இல்லாவிட்டாலும் வண்டி முன்னால்தான் உருண்டிருக்க வேண்டும்.

5:20. மஞ்சள் மழைக்கோட்டுக்காரர் வந்தார். தூரத்திலேயே நின்றுகொண்டார். ஓரடிகூட உள்ளே வைக்கவில்லை.

"இங்க ஏன் வந்தீங்க? பதினாலு அந்தப் பக்கம்ல?"

"கட்டையில எழுதியிருக்கே!" ஆர்லீன் கைகாட்டினாள்.

அங்கே கட்டை இல்லை. புல் முளைத்த ஒரு குழிதான் இருந்தது.

"இந்த இடத்துல இருந்த கட்டையை நானே பிடுங்கி எரிச்சேன். பதினோரு வருஷம் ஆச்சு."

தான் குடியிருக்கும் மோட்டார் ஹோமுக்கு எங்களை அழைத்துப் போனார். ஆர்லீன் என் பக்கத்தில் வராமல் அவருக்கு அந்தப் பக்கமாக நடந்தாள். வண்டியின் வாசலில், எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் மாட்டுவது போல, தம்பதியின் பெயர் செதுக்கிய மரப்பலகை.

ஜூன் – ஹார்வ்.

இரண்டாவது பெயரை மறுபடியும் படித்தேன்.

"வீட்டம்மா?" என்றாள் ஆர்லீன், மெதுவாக.

"அதே இடத்துலதான். அவ பின்னால நின்னா. நான் ஓட்டினேன். அவ நில்லுன்னு கத்தினதைப் பக்கத்து வண்டிக்காரங்க எல்லாம் கேட்டாங்க. எனக்கு மட்டும் வான்னுதான் கேட்டுச்சு. ஒருத்தரும் நம்பல."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஹார்வ்... அது உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுச்சு. அப்போ அது ஜூனா?"

அவர் மறுப்பாகத் தலையசைத்தார்.

"ஜூன் இல்ல. என்னை அது லீலண்ட்னு கூப்பிட்டுச்சு. எனக்கு முன்னாடி அங்க வண்டியை நிறுத்தப் போனவன் பேரு. இனிமே வர்றவன் காதுல உங்க பேருதான் கேக்கும், வெர்னன்."